மிஸ்ஸி சாபுட் சொன்னாங்க

எங்கள் வீட்டில் சாபுட் என்றால் கிளம்பு என்று அர்த்தம். மலாய்ச் சொல்தான். எப்போது எங்கள் தமிழுக்குள் வந்து உட்கார்ந்தது என்று தெரியாது. என் வீட்டுக்காரர் காரை ஸ்டார்ட் பண்ணிவிட்டு, "பவுடர் போட்டது போதும் லா, சாபுட்!" என்று கத்துவார். கல்யாண வீட்டில் பாயசம் குடித்த கையோடு என் பக்கம் குனிந்து, "என்னா, சாபுட்டா?" என்பார். மழை தூறினால் சாபுட். சொந்தக்காரர்கள் பழைய சண்டையைக் கிளற ஆரம்பித்தால் உடனே சாபுட். என் மகள் பேசப் பழகியபோது அம்மா, அப்பா, ஐஸ் ஆகிய மூன்றுக்கும் அடுத்து அவள் வாயில் வந்தது இந்தச் சொல்தான். செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நின்று எங்களை விரட்டுவாள்.

மலாயில் பிடுங்குவதற்கும் அதே சொல்தான். புல்லைப் பிடுங்கினாலும் சாபுட், ஆணியைப் பிடுங்கினாலும் சாபுட், பல்லைப் பிடுங்கினாலும் சாபுட். எனக்கு அது தெரியும். ஏழு வயது நிரம்பாத என் மகளுக்குத் தெரியாது. அந்த ஒரு சொல்லால் அவளுடைய கடைவாய்ப் பல் ஒன்று போகப் பார்த்தது. போனால் மறுபடி முளைக்காத பல். முழுப் பழியையும் சொல்லின் மேல் போட்டுவிட்டு நான் நல்லவள் வேஷம் போட முடியாது. என் முன்கோபத்துக்கும் அதில் பெரிய பங்கு இருக்கிறது. நடந்ததை நடந்தபடி சொல்லிவிடுகிறேன்.

மலேசியாவில் லுக்குட் என்ற ஊரிலிருந்து உள்ளே போனால் எங்கள் செம்பனைத் தோட்டம். என் வீட்டுக்காரர் அங்கே குலை ஏற்றும் லாரி ஓட்டுகிறார். தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் கேண்டீன் நடத்துவது நான். காலையில் தேங்காய்ப்பாலில் வேகவைத்த நாசி லெமாக் சோறு, மீ என்கிற நூடுல்ஸ், உருளைக்கிழங்கு போட்ட கறிபாப். குடிக்கச் சிவப்பு சிரப் தண்ணீர். என் மகள் அங்கேயே ஒன்றாம் ஆண்டு. அவள் வகுப்பறை ஜன்னலிலிருந்து பார்த்தால் என் அடுப்பு தெரியும். அது அவளுக்கு வசதி, எனக்குத் தொல்லை.

வருடத்துக்கு ஒருமுறை அரசாங்கப் பல் மருத்துவக் குழு வேனில் வந்து இறங்கும். மடக்கு நாற்காலி, நீளக் கழுத்து விளக்கு, உர்ரென்று சத்தம் போடும் ஒரு பெட்டி எல்லாவற்றையும் இறக்கி நூலகத்துக்குள் அடுக்குவார்கள். அதற்கு முன்னால் பல் தேய்க்கும் பயிற்சி நடக்கும். பிள்ளைகள் எல்லாரும் ஆளுக்கொரு பிளாஸ்டிக் குவளையோடு லொங்காங் என்கிற சாக்கடை வாய்க்கால் ஓரத்தில் வரிசையாகக் குந்தியிருப்பார்கள். மிஸ்ஸி எண்ண எண்ண மேலே, கீழே, உள்பக்கம் என்று தேய்ப்பார்கள். மிஸ்ஸி என்றால் எங்களுக்கு நர்ஸ். அப்புறம் எல்லாரும் ஒரே நேரத்தில் லொங்காங்கில் துப்புவார்கள். நுரை ஓடும் அழகைப் பார்க்க என் அடுப்பை விட்டுவிட்டு நான் எட்டிப் பார்ப்பேன்.

அன்றைக்கு என் மகளுக்கு மேல் வரிசையில் முன்பல் ஒன்று ஆடிக்கொண்டிருந்தது. நாக்கால் தள்ளித் தள்ளி எல்லாருக்கும் வேடிக்கை காட்டிக்கொண்டிருந்தாள். நூலகத்தில் அவள் முறை வந்தது. நாற்காலியில் ஏறிப் படுத்து ராணி மாதிரி வாயைத் திறந்தாள். வந்திருந்த மிஸ்ஸி தங்கமான மலாய்க்காரப் பெண், குரலே தாலாட்டு மாதிரி இருக்கும். ஆடுகிற பல்லைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "ஆடிக், கீத்தா சாபுட், யா?" என்று கேட்டார். தங்கச்சி, இதைப் பிடுங்கிவிடலாமா என்று அவர் கேட்டார். தங்கச்சி, நாம ஓடிப்போயிடலாமா என்று என் மகள் காதில் விழுந்தது.

"போலே!" என்றாள். சரி என்று அர்த்தம். மிஸ்ஸி ஏதோ எடுக்க அந்தப் பக்கம் திரும்பினார். இவள் நாற்காலியிலிருந்து இறங்கி, காலணியைக் கையில் எடுத்துக்கொண்டு, வெளியே வரிசையில் நின்ற பிள்ளைகளுக்கெல்லாம் டாட்டா காட்டிவிட்டு நேராக என்னிடம் ஓடி வந்தாள்.

"அம்மா, முடிஞ்சிருச்சு! மிஸ்ஸி சாபுட் சொன்னாங்க!"

"அதுக்குள்ளயா? அழுதியாடி?"

"எதுக்கு அழுவுறது? ரொம்ப நல்ல மிஸ்ஸிமா. அவங்களும் வர்றேன்னாங்க."

அவங்க எங்கே வருகிறார்கள் என்று கேட்க எனக்கு எங்கே நேரம்? ஓய்வு மணி அடிக்க ஐந்து நிமிடம்தான் இருந்தது. சமர்த்து என்று கன்னத்தைக் கிள்ளிவிட்டு, பரிசாக ஒரு பெரிய கோப்பை சிரப் தண்ணீரை ஐஸ் போட்டு நானே கையில் கொடுத்தேன். பல் பார்த்துவிட்டு வந்த பிள்ளைக்குப் பெற்ற தாய் கொடுத்த பரிசு அது. இப்போது நினைத்தாலும் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருக்கிறது.

மணி அடித்தது. பிள்ளைகள் திமுதிமுவென்று வந்து என் முன்னால் குவிந்தார்கள். அந்தக் கூட்டத்தை விலக்கிக்கொண்டு மிஸ்ஸி வந்தார். என் மகளையும் அவள் கையிலிருந்த கோப்பையையும் பார்த்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார். உங்கள் மகள் நிஜமாகவே சாபுட் ஆகிவிட்டாள் என்று மலாயில் சொல்லி, நடந்ததை விளக்கினார். பக்கத்தில் நின்ற ஆசிரியைகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் உள்ளுக்குள் சுருக்கென்றது. நம் பிள்ளையைப் பார்த்து நாலு பேர் சிரித்தால் எனக்குத் தாங்காது.

மிஸ்ஸி சிரிப்பை நிறுத்திவிட்டு ஏதோ சொல்ல ஆரம்பித்தார். முன்பல் தானாக விழும், அது கிடக்கட்டும். கீழே கடைசியில் இருக்கும் கடைவாய்ப் பல்லில் கறுப்பு விழுந்திருக்கிறது, அவள் ஓடுவதற்கு முன்னால் பார்த்துவிட்டேன், கிளினிக்குக் கூட்டிப் போங்கள் என்றார். "கீகி சூசு தானே மிஸ்ஸி?" என்றேன். பால் பல்தானே என்று. மிஸ்ஸி தலையை ஆட்டி, அழுத்தமாக ஒரு சொல்லைச் சொன்னார். சுற்றிலும் முப்பது பிள்ளைகள், "அக்கா மீ! அக்கா மீ!" என்று அலறிக்கொண்டிருந்தார்கள். சட்டியில் எண்ணெய் சடசடவென்று பொரிந்துகொண்டிருந்தது. எனக்குக் கேட்டது 'நக்கால்'.

நக்கால் என்றால் மலாயில் குறும்பு, அடங்காதது. அவ்வளவுதான், எனக்கு ஏறிவிட்டது. என் பிள்ளை நக்காலா? ஒரு தடவை நாற்காலியை விட்டு இறங்கி வந்ததற்கா? முகத்தில் சிரிப்பை ஒட்டிவைத்துக்கொண்டு, "சரி மிஸ்ஸி, தெரிமா காசி மிஸ்ஸி" என்று நன்றி சொல்லி அனுப்பினேன். அவர் எழுதிக் கொடுத்த காகிதத்தை வாசிக்கவில்லை. நாலாக மடித்துப் பையில் போட்டேன். வீட்டுக்குப் போனதும் அலமாரியில் மைலோ டின்னுக்குப் பின்னால் செருகிவிட்டேன்.

அன்று சாயங்காலம் லாரியை நிறுத்திவிட்டு வந்த மனுஷனிடம் பொரிந்து தள்ளினேன். அவரோ சாபுட் கதையைக் கேட்டு, டீ புரையேறும் அளவுக்குச் சிரித்தார். மகளைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு, "என் பிள்ளைடி இது!" என்று கூடத்தைச் சுற்றி வந்தார்.

"சிரிங்க. உங்க புள்ளையப் போயி நக்கால்னு சொல்றாங்க. பால் பல்லுல கறுப்பு விழுந்தா என்னா இப்ப? விழப்போற பல்லுதான?"

"அதான லா! விழுந்தா முளைக்கப் போவுது. இதுக்கெல்லாம் கிளினிக்குக்கு லீவு போட முடியுமா?"

இரண்டு பேரும் ஒரே மாதிரி யோசித்தது எங்கள் கல்யாண வாழ்க்கையில் அபூர்வம். அது இந்த விஷயத்திலா நடக்க வேண்டும்?

ஆடிய முன்பல் அடுத்த வாரம் கொய்யாக்காய் கடித்தபோது தானாகவே கழன்று கையில் வந்தது. பார்த்தாயா, நான் சொன்னேனே என்று நான் ஊருக்கெல்லாம் சொன்னேன். மிஸ்ஸியே தானாக விழும் என்றுதான் சொன்னார் என்பதை வசதியாக மறந்துபோனேன்.

சில மாதம் போனது. ஒரு சனிக்கிழமைக் காலை, தீபாவளிக்கு முறுக்கு சுட்டுக்கொண்டிருந்தேன். என் மகளுக்கு முறுக்கு என்றால் உயிர். சூடு ஆறுவதற்குள் மூன்று காணாமல் போகும். அன்றைக்கு ஒன்றை எடுத்தாள், தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து மெதுவாகக் கடித்தாள், பாதியைத் திரும்பத் தட்டில் வைத்தாள். "என்னாடி?" என்றேன். ஒன்றுமில்லை என்றாள். குளிர்ந்த தண்ணீரைக் கொடுத்துப் பார்த்தேன். வாயில் பட்டதும் கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. எத்தனை நாளாக என்று கேட்டால் தெரியாது என்கிறாள். இந்தப் பக்கமாக மென்றால் வலிக்காது என்று எனக்கே பாடம் நடத்துகிறாள். வலியைச் சொன்னால் சாபுட் பண்ணிவிடுவார்கள் என்று இரண்டாம் ஆண்டு அக்காமார்கள் பயமுறுத்தி வைத்திருக்கிறார்கள். அதற்குள் அந்தச் சொல்லின் மறு அர்த்தத்தை முழுப் பள்ளியும் அவளுக்குக் கற்றுக்கொடுத்திருந்தது.

கைப்பேசி விளக்கைப் போட்டு வாய்க்குள் பார்த்தேன். கீழ் வரிசையில் கடைசிப் பல். நடுவில் ஒரு பச்சைப்பயறு உட்காரும் அளவுக்குக் கறுப்புக் குழி. என் வீட்டுக்காரர் எட்டிப் பார்த்துவிட்டு, "பால் பல்லுதான லா, கிராம்பு வையி" என்றார். ஆனால் குரலில் முன்பிருந்த தெம்பு இல்லை. கிராம்பு வைத்தோம். காரம் தாங்காமல் பிள்ளை துப்பிவிட்டாள். திங்கட்கிழமை லீவு போடச் சொன்னேன். மறுபேச்சுப் பேசவில்லை மனுஷன். கிளம்பும்போதுதான் மைலோ டின்னுக்குப் பின்னால் இருந்த காகிதம் ஞாபகம் வந்தது. வாசிக்காமலேயே கைப்பைக்குள் போட்டுக்கொண்டேன்.

டவுனில் அரசாங்கப் பல் கிளினிக். டாக்டர் நம் பெண், என்னைவிட வயதில் சின்னவர். முடியை இறுக்கக் கட்டியிருந்தார். சிரித்தால் கன்னத்தில் குழி. என் மகள் நாற்காலியைப் பார்த்ததும் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். அப்பா தூக்கி வைத்தார். பொத்திய கை பொத்தியபடியே. நான் முறைத்தேன், கெஞ்சினேன், இன்னும் கொஞ்சம் போனால் ஒரு அறை விட்டிருப்பேன். டாக்டர் என்னைக் கையமர்த்திவிட்டு, சக்கரம் வைத்த முக்காலியை உருட்டி அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"பாப்பாவுக்கு எதுக்குப் பயம்?"

கைக்குள்ளிருந்து குரல் வந்தது. "சாபுட் பண்ணுவீங்க."

"சரி, இன்னிக்கு அது கிடையாது. பார்க்க மட்டும் செய்வோம். ஓட்டை இருந்தா தம்பல் போடலாம். தம்பல் தெரியுமா?"

தெரியாமல் இருக்குமா? தம்பல் என்றால் ஒட்டுப்போடுவது. அவள் அப்பாவோடு லுக்குட் மோட்டார் கடையில் உட்கார்ந்து எத்தனை டயருக்குத் தம்பல் போட்டதைப் பார்த்திருக்கிறாள்! கை ஒரு விரல்கடை இறங்கியது. "டியூபா, டியூப்லெஸா?" என்று கேட்டாள்.

டாக்டர் சிரிக்கவே இல்லை. ரொம்பத் தீவிரமாக யோசித்து, "டியூப்லெஸ்தான்" என்றார். "மொதல்ல ஆணி எங்க குத்தியிருக்குன்னு பார்க்கணும். அப்புறம் உள்ள இருக்குற அழுக்கையெல்லாம் சுத்தம் பண்ணணும். அழுக்கோட தம்பல் போட்டா என்னாவும்?"

"பிச்சிக்கும்."

"அவ்வளவுதான். இப்ப சக்கரத்தைக் காட்டு."

வாய் திறந்தது. என் வீட்டுக்காரர் சுவர்ப்பக்கம் திரும்பிச் சிரிப்பை அடக்கினார். நான் அந்தப் பெண்ணைக் கையெடுத்துக் கும்பிடாத குறை.

பார்த்துவிட்டு எக்ஸ்ரே எடுத்தார்கள். டாக்டர் படத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். சிரிப்பு போய்விட்டது. "அக்கா, இதுக்கு முன்னால யாராச்சும் இந்தப் பல்லப் பார்த்தாங்களா?" என்று கேட்டார். காகிதத்தை எடுத்துக் கொடுத்தேன். வாசித்தார். "மிஸ்ஸி தெளிவா எழுதியிருக்காங்களே அக்கா. கீகி கெக்கால்னு."

கெக்கால். நிரந்தரம். நக்கால் இல்லை, கெக்கால்.

"பால் பல்லு இல்லையா டாக்டர்? இந்தப் பக்கம் ஒரு பல்லுகூட இன்னும் விழலியே. விழாம எப்படி நிரந்தரப் பல்லு வரும்?" என்று கேட்டேன்.

"அங்கதான் எல்லாரும் ஏமாந்து போறாங்க. ஆறு வயசு வாக்குல, பால் பல்லு எல்லாத்துக்கும் பின்னால, எதுவும் விழாம, சத்தமில்லாம இது வந்து உட்கார்ந்துரும். மேல ரெண்டு, கீழ ரெண்டு. பால் பல்லுன்னு நினைச்சி யாரும் கவனிக்கிறதில்ல. மெல்லுறதுக்கு வாழ்க்கை பூரா இதுதான் முக்கியமான பல்லு. இது போனா வேற முளைக்காது அக்கா."

என் வீட்டுக்காரர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். டாக்டர் மீதியையும் சொன்னார். சொத்தை நரம்புக்கு மிக அருகில் போய்விட்டது. வேர் இன்னும் முழுதாக வளரவில்லை. அதனால் பெரியவர்களுக்குச் செய்வது போல வேர் சிகிச்சை செய்வது சுலபமில்லை. இன்றைக்கு மேலே இருக்கும் சொத்தையை எடுத்துவிட்டு, நரம்பை ஒட்டிய இடத்தைக் கிளறாமல் மருந்து வைத்து மூடலாம். மூன்று மாதம் பார்க்கலாம். நரம்பு அடங்கிவிட்டால் பல் பிழைக்கும். வீங்கினாலோ, சும்மா இருக்கும்போதே வலித்தாலோ, எடுக்க வேண்டி வரலாம். அந்தச் சொல்லை அவர் வாயால் சொல்லவில்லை. கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் சேர்த்து மேலே இழுத்துக் காட்டினார், பாப்பாவுக்குத் தெரியாமல்.

முதலில் பஞ்சால் மரத்துப்போகும் மருந்து தடவினார்கள், அப்புறம் ஊசி. ஊசியை என் மகள் பார்க்கவே இல்லை, கொசு கடித்தது என்றாள். நான் பார்த்தேன். பார்த்துவிட்டு உட்கார்ந்துவிட்டேன். மெஷின் சத்தம் போட்டபோது அப்பாவின் சுண்டுவிரலைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டாள். முடிந்ததும் உதட்டைத் தொட்டுப் பார்த்து, "என் வாய் பெரிசாயிருச்சு, எனக்கு வேற வாய் மாத்திட்டாங்க" என்று ரகளை செய்தாள். கண்ணாடியைக் காட்டிய பிறகுதான் நம்பினாள். மற்ற மூன்று கடைவாய்ப் பற்களும் நன்றாக இருந்தன. அவற்றின் பள்ளங்களில் மெல்லிய பூச்சு ஒன்றை ஊற்றி அடைத்தார்கள். இனி அங்கே தீனி ஒட்டாது என்றார் டாக்டர். அதை இவள், "பெயிண்டுகூட அடிச்சாங்க" என்று தோட்டம் முழுக்கச் சொன்னாள்.

காரில் வரும் வழியெல்லாம் நான் அழுதேன். சொத்தை வந்தது விதி என்று சொல்லலாம். காகிதம் கையில் இருந்தும் என் ரோஷத்தால் அதை மைலோ டின்னுக்குப் பின்னால் வைத்தேனே, அதை எந்த விதியின் தலையில் கட்டுவது? "விடு லா, நானும்தான பால் பல்லுன்னு சொன்னேன்" என்றார் அவர். நல்ல மனுஷன். ஆனால் அன்றைக்கு அந்தச் சமாதானம் எனக்கு எரிச்சலைத்தான் கிளப்பியது. லுக்குட் சிக்னலில் கார் நின்றபோது கண்ணைத் துடைத்துக்கொண்டு ஒரு முடிவு எடுத்தேன். இந்தப் பல்லை விடப்போவதில்லை.

அடுத்த நாளே கேண்டீனில் சிரப் தண்ணீரை நிறுத்தினேன். வெறும் தண்ணீர், வெள்ளிக்கிழமையில் மட்டும் சர்க்கரை போடாத பார்லி. பிள்ளைகள் பொங்கி எழுந்தார்கள். நாலாம் ஆண்டுக் கூட்டம் ஒன்று தலைமையாசிரியரிடம் மனுக் கொடுத்தது. "அக்காவின் கேண்டீன் ஆஸ்பத்திரி மாதிரி ஆகிவிட்டது" என்று எழுதியிருந்தார்களாம். ஆகட்டும், எனக்கென்ன? பல்லில் ஒட்டும் மிட்டாய் டப்பாவையும் தூக்கினேன். அதில் பாதியை ரகசியமாகத் தின்று தீர்த்தவர் என் வீட்டுக்காரர் என்பது வேறு விஷயம்.

வீட்டில் காலையும் ராத்திரியும் நானே பக்கத்தில் நின்று தேய்த்துவிட்டேன். ஏழு வயசுக்குள் தானாகச் சரியாகத் தேய்க்க வராது, கடைசிப் பல்வரை பிரஷ் போகாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். குளியலறையில் அவள் முக்காலி மேல், நான் பின்னால், இரண்டு பேரும் கண்ணாடியைப் பார்த்தபடி. பட்டாணி அளவு பேஸ்ட். அவள் வாயில் நுரையோடு கதை சொல்வாள். பாதி புரியாது, பாதி என் சட்டையில் தெறிக்கும். அந்த மூன்று மாதத்தில் நாங்கள் பேசிக்கொண்ட அளவுக்கு முன்னே எப்போதும் பேசியதில்லை.

ஆனால் பயம் போகவில்லை. சாப்பிடும்போது அவள் எந்தப் பக்கம் மெல்கிறாள் என்று பார்ப்பேன். தூங்கும்போது கன்னத்தைத் தொட்டுப் பார்ப்பேன், வீக்கம் இருக்கிறதா என்று. ஒரு நாளைக்குப் பத்துத் தடவை, "வலிக்குதா பாப்பா?" என்பேன்.

"வலிக்கலமா. நீங்க கேக்குறதுதான் வலிக்குது" என்று ஒரு நாள் கத்தினாள். கோபத்தில் அப்படியே என்னை உரித்து வைத்திருந்தாள். அடக்க முடியாமல் சிரித்துவிட்டேன்.

இதற்கிடையில் பழைய மிஸ்ஸி வேறு வேலையாகப் பள்ளிக்கு வந்திருந்தார். அடுப்பை அணைத்துவிட்டுப் போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். நக்கால் கெக்கால் கதையை முழுதாகச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். மிஸ்ஸிக்குச் சிரிப்பும் வருத்தமும் சேர்ந்து வந்தன. உங்கள் மகள் கொஞ்சம் நக்கால்தான் அக்கா, ஆனால் அதை நான் எழுதிக் கொடுக்கமாட்டேன் என்றார். இந்தத் தடவை எனக்குக் கோபம் வரவில்லை.

மூன்று மாதம் முடிந்து மறுபடி கிளினிக். நான் காலையில் ஒரு வாய்கூடச் சாப்பிடவில்லை. என் மகளோ தானாகவே நாற்காலியில் ஏறிப் படுத்து, "சக்கரத்தப் பாருங்க டாக்டர்" என்றாள். டாக்டர் பல்லைத் தட்டிப் பார்த்தார். குளிர்ந்த பஞ்சை வைத்துப் பார்த்தார். எக்ஸ்ரே எடுத்தார். படம் திரையில் வந்ததும் அவர் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன், படத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. கன்னத்தில் அந்தக் குழி விழுந்தது.

"பிழைச்சிருச்சு அக்கா. நரம்பு உயிரோட இருக்கு. வேரும் நல்லா வளருது. இன்னிக்கே கெட்டியா அடைச்சிரலாம். இப்படியே பார்த்துக்கிட்டா கடைசி வரைக்கும் வரும்."

"அப்பாடா!" என்று நான் போட்ட சத்தத்தில் வெளியே காத்திருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். என் வீட்டுக்காரர் டாக்டருக்கு நன்றி சொல்லப் போய், சுவரில் ஒட்டியிருந்த பல் படத்துக்கு ஒரு கும்பிடு போட்டார்.

அடைத்து முடிந்ததும் டாக்டர் நீளப் பிடி வைத்த குட்டிக் கண்ணாடியை என் மகள் கையில் கொடுத்துப் பல்லைப் பார்க்கச் சொன்னார். பார்த்தாள். வெள்ளையாக, குழியே தெரியாமல் இருந்தது. ரொம்பப் பெருமை. ஆனால் அவளுக்கு ஒரு சந்தேகம். இது பெரிசானால் எப்படி இருக்கும்? "உங்களுதக் காட்டுங்கம்மா, இதே பல்லு" என்றாள். டாக்டர் சிரித்துக்கொண்டே வேறு ஒரு சுத்தமான கண்ணாடியை எடுத்துக் கொடுத்தார். நான் குனிந்து வாயைத் திறந்தேன். ஆறு வயசுக் கடைவாய்ப் பல் எது என்று அவளுக்கு இப்போது எங்கள் எல்லாரையும்விட நன்றாகத் தெரியும். கீழே வலப்பக்கம் தேடினாள். இடப்பக்கம் தேடினாள்.

"அம்மா, உங்களுக்கு இல்ல."

"நல்லாப் பாருடி."

"இல்லமா. ரெண்டு பக்கமும் ஓட்டைதான் இருக்கு."

நாக்கால் தடவினேன். கீழே இரண்டு பக்கமும் எனக்கு இடைவெளி உண்டு, எப்போதும் உண்டு. எட்டு ஒன்பது வயதில் வலி தாங்காமல் பிடுங்கியது. விழுகிற பல்தானே என்று யாரும் ஒன்றும் சொல்லவில்லை. முளைக்கும் முளைக்கும் என்று கொஞ்ச நாள் பார்த்தேன், அப்புறம் மறந்துபோனேன். எனக்குப் பல் முளைக்காத வாய் என்றே இத்தனை வருஷமும் நினைத்திருந்தேன். என் மகள் அதற்குள் அப்பாவை உட்கார வைத்து அவர் வாயையும் திறக்கச் சொன்னாள். மேலே ஒன்று இல்லை. கீழே இரண்டும் இல்லை. அவர் என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன்.

என் மகள் கண்ணாடியைக் கீழே வைத்துவிட்டு எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். என்ன நினைத்தாளோ, என் கன்னத்தில் கையை வைத்தாள்.

"பரவால்லமா. எனக்கு இருக்குல்ல" என்றாள்.